நாப்பத்திரண்டு வூட்டுக்கும் ஒரே நம்பர்

போன புதன்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நாப்பத்திரண்டு பேரோட பேரையும் போன் நம்பரையும் ஒரு வெப்சைட்ல ஏத்தணும். அவ்ளோதான்.

கள்ளக்குறிச்சியில ஒரு சின்ன ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கறேன். எங்க ஆபீஸ்ல ஆன்லைன் டைரக்டரி ஒண்ணு நடத்தறாங்க. எந்த விவசாயிகிட்ட இன்னா வெளைச்சல் இருக்குன்னு அதுல பாத்து, வாங்கறவங்க நேரா போன் பண்ணிக்கலாம்.

"அரை மணி நேர வேலைதானே ஸ்டெல்லா?"ன்னாரு மேனேஜர்.

"டீ ஆறதுக்குள்ள முடிச்சிடறேன் சார்"ன்னேன். எனக்கு எல்லா கேடும் வாயாலதான் வரும்.

அந்த நாப்பத்திரண்டு பேரும் கல்வராயன் மலையில ஒரே ஊரு. எல்லார் வூட்லயும் சாமை அறுத்து மூட்டை கட்டி வெச்சிருக்காங்க. சேலத்துல சிறுதானியக் கடை வெச்சிருக்கற ஒருத்தரு, எந்த ஊர்ல எடுக்கறதுன்னு சனிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணப் போறாரு. அவரு வேற ஊருக்குப் போயிட்டா, இவங்க மூட்டையை எலிதான் எடுத்துக்கும்.

அந்த ஊரு குழுவுக்குத் தலைவி சின்னப்பொண்ணுக்கா. அவங்க குடுத்த பட்டியலைப் பாத்தா, நாப்பத்திரண்டு பேருக்கும் ஒரே நம்பர். போன் பண்ணிக் கேட்டேன்.

"இன்னாக்கா, எல்லாருக்கும் ஒங்க நம்பரையே எழுதியிருக்கீங்க?"

"எங்க ஊர்ல டவரு எடுக்கறது எங்க மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாலதான். யாருக்குப் போன் வந்தாலும் நான்தான் கூவிக் கூப்புடறேன். நீ அப்படியே போட்டு வுடு."

போட்டேன். எக்செல்ல முதல் கட்டத்துல நம்பரை அடிச்சு, மூலையைப் புடிச்சு கீழ வரைக்கும் இழுத்தேன். நாப்பத்திரண்டு வரியும் நெறஞ்சுடுச்சு. இதைக் கண்டுபுடிச்சவங்க பேர்ல சர்ச்சுல ஒரு மெழுகுவத்தி ஏத்தலாம்னு தோணுச்சு.

ஏத்தினா, வெப்சைட் எதையும் வாங்கல. முன்னாடி இந்தியா கோடு தொண்ணூத்தி ஒண்ணு சேத்ததுல நம்பர் நீளமாயிடுச்சாம். எக்செல் அதுவா அதைச் சுருக்கி, நடுவுல ஒரு புள்ளியும் ஒரு இங்கிலீஷ் எழுத்தும் போட்டு வெச்சிருக்கு.

சரி, இது நம்பர் இல்ல, எழுத்துன்னு நெனச்சுக்கோன்னு எக்செல்லுக்கு செட்டிங் மாத்திச் சொன்னேன். மறுபடியும் மூலையைப் புடிச்சு இழுத்தேன். ஏத்தினேன். நாப்பத்திரண்டு பேருக்கும் பச்சை டிக்.

டீ ஆறிப் போய் ஆடை கட்டியிருந்தது, பரவால்ல.

அப்புறம் வெப்சைட் குழுவுக்கு ஒரு போட்டோ கேட்டுச்சு. அக்காகிட்ட கேட்டேன். அவங்க அனுப்புனது ஒரு பேனர். அவங்க மாமனாருக்கு முதலாம் ஆண்டு அஞ்சலி. மேல அவரு பெருசா, மாலையோட, ரெண்டு பக்கமும் வெளக்கு. கீழ வரிசையா மகனுங்க, மருமகளுங்க, பேரப்புள்ளைங்க மொகம்.

"கீழ நாலாவதா இருக்கறது நானு. நான் நல்லா வுழுந்திருக்கறது அதுல மட்டுந்தான். அதை வெட்டி எடுத்துக்கோ."

வெப்சைட்லயே வெட்டினேன். குழுவோட பக்கத்துல வட்டமா அக்கா மொகம் மட்டும் அழகா வந்துடுச்சு. லிங்க்கை சேலத்துக்காரருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, பெருமைக்கு எங்க சொந்தக்காரங்க குரூப்லயும் போட்டேன்.

ரெண்டே நிமிஷத்துல சித்தப்பாகிட்ட இருந்து, "ஆழ்ந்த இரங்கல்."

அப்பதான் போட்டதைப் பாத்தேன். லிங்க் அனுப்புனா மேல ஒரு படம் வருமே, ப்ரிவியூ, அது நான் வெட்டுனதை எடுக்கல. முழுப் பேனரை எடுத்து, அதுவே மேலயும் கீழயும் நறுக்கி வெச்சிருக்கு. 'முதலாம் ஆண்டு'ங்கற வரி போச்சு. அக்கா மொகமும் போச்சு. மாலையோட மாமனாரு, 'அஞ்சலி', அதுக்குக் கீழ 'சாமை நேரடியாகக் கிடைக்கும்'.

அவசரமா வெப்சைட்ல படத்தை மாத்திட்டு, சரியாயிடுச்சான்னு பாக்க அதே குரூப்ல மறுபடியும் லிங்க் போட்டேன். பழைய படமே வந்துச்சு. இன்னொரு தடவ போட்டேன். அப்பவும் மாமனாருதான். மூணு அஞ்சலி, பதினெட்டு கும்புடற கை. ஒரு அத்தை ஜெபிச்சுக்கினு இருக்கறதா வாய்ஸ் மெசேஜே அனுப்பிட்டாங்க.

மணலூர்பேட்டையில இருந்து எங்கம்மா போன். "யாருடி செத்தது? நம்மளவங்களா? மத்தியானம் கறி ஆக்கலாமா வாணாமா?"

"ஆக்கும்மா. அவரு செத்து ஒரு வருஷம் ஆச்சு."

"அதை ஏன் இப்ப சொல்ற?"

சாயங்காலம் சேலத்துக்காரரே கூப்புட்டாரு.

"ஏம்மா, துக்க வீட்டுக்குப் போன் பண்ணி வியாபாரம் பேசக்கூடாதுன்னு தலைவியோட முதல் நம்பரை விட்டுட்டேன். ரெண்டாவதுல இருந்து பதினாறு பேருக்கு அடிச்சேன். ஒருத்தர் கோயம்புத்தூர்ல சலூன் வச்சிருக்கேங்கறார். ஒருத்தர் இந்தியில திட்டறார். நீங்க எழுதியிருக்கற பேர்ல யாருமே இல்லைங்கறாங்க. அந்த ஊர்ல ஒருத்தர் செத்தாரா, இல்ல ஊரே போயிடுச்சா?"

எக்செல்லைத் தொறந்து பாத்தா, எழுத்துன்னு சொன்னதுல இருந்து இழுக்க இழுக்க கடைசி நம்பர் வரிக்கு வரி ஒண்ணொண்ணா ஏறியிருக்கு. அக்காவோடது மட்டும் சரி. மீதி நாப்பத்தோரு பேரு யாரு பெத்த புள்ளைங்களோ.

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவரே சொன்னாரு. "வியாபாரம் சரிப்படாதுங்க. வேற ஊர் பாத்துக்கறேன். ஆனா செத்தவரைப் படத்துல பாத்துட்டேன், ஒரு மாலை போடாம இருந்தா மனசு கேக்காது. காலையில அந்தப் பக்கந்தான் வரேன், எட்டிப் பாத்துட்டுப் போறேன்."

வெச்சுட்டாரு. அக்காவுக்கு அடிச்சா எடுக்கல. அவங்க காட்டுல இருந்தா போன் கொட்டாயில கெடக்கும்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் புடிச்சு, எல்லார் கால்லயும் வுழுந்துடலாம்னு, மலை மேல பஸ் நிக்கற வெள்ளிமலைக்கு ஏறினேன். அங்கருந்து நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள அவரு வந்துட்டாரு. ரோசா மாலையோட வாசல்ல நிக்கறாரு.

சின்னப்பொண்ணுக்கா மாலையைப் பாத்தாங்க. கண்ணு கலங்கிடுச்சு.

"செத்து ஒரு வருஷம் ஆவுது. சொந்தக்காரனே எட்டிப் பாக்கல. எங்கியோ இருந்து மாலை வாங்கியாந்திருக்கீங்களே, உள்ள வாங்க."

ஒரு வருஷம்னு கேட்டதும் அவரு மொகம் மாறுச்சு. ஆனா மாலையோட வந்த ஆளு எப்படித் திரும்பிப் போவாரு? போட்டோவுக்குப் போட்டாரு. ஒக்காந்தாரு. அக்கா சாமைச் சோறும் மொச்சைக் கொழம்பும் வெச்சாங்க. சாப்புட்டாரு. ரெண்டாவது தடவ வாங்கினாரு. மூணாவது தடவ வாங்கும்போது கேட்டாரு.

"இந்தச் சாமை எவ்ளோ இருக்கு?"

"நாப்பத்திரண்டு வூட்லயும் இதாங்க."

"யாருக்கும் குடுத்துடாதீங்க. சனிக்கிழமை வண்டி அனுப்பறேன்."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவரு கைகழுவிக்கினே என்னைத் திரும்பிப் பாத்தாரு.

"நீங்கதான் அந்த டைரக்டரி பொண்ணா?"

"இல்லீங்க. நானும் துக்கம் விசாரிக்கத்தான் வந்தேன்."

வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல நம்பரைத் திருத்தி ஏத்தினேன். ஒரே நம்பர் நாப்பத்திரண்டு தடவ வருதுன்னு வெப்சைட் தள்ளி வுட்டுடுச்சு. நானும் வுட்டுட்டேன்.

நேத்து பக்கத்து ஊர்ல தேன் எடுக்கற குப்பம்மாக்கா போன் பண்ணாங்க.

"எங்களையும் அதுல ஏத்தி வுடு ஸ்டெல்லா. நம்பரெல்லாம் வாணாம், மாலை போட்ட போட்டோ மட்டும் போதும். எங்க மாமனாரு உசுரோடதான் இருக்காரு, சிரிக்காம ஒக்கார வெக்கறேன்."