புதன்கிழமைக்குச் சாமி இல்லை

புது வக்கீலும் புது நாவிதரும் ஒன்று. இருவருக்கும் பழகிப் பார்க்க யாராவது ஒருவருடைய தலை வேண்டும். நாவிதர் தன் தலையில் பழக மாட்டார். நான் என் தலையிலேயே பழகினேன்.

ஐம்பதுகளின் கடைசியில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, திண்டுக்கல்லில் ஒரு சீனியரிடம் சேர்ந்திருந்தேன். அவர் கோர்ட்டுக்குள் போகும்போது அவருடைய பையைச் சுமப்பது என் வேலை. (நன்றாகச் சுமக்கிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.) ஆனால் தெருவில் நடக்கும்போது சட்டம் முழுவதையும் நானே இயற்றியவன் போலத்தான் நடப்பேன். யாராவது யோசனை கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

கேட்டார்கள். வாரம் ஏழு நாளும் கடை திறந்து வைத்திருந்த ஒரு மளிகைக்காரருக்கு அபராதம் விழுந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்ட பூக்கடைக்காரர்கள் மிரண்டுபோய், பணம் கேட்காத வக்கீல் யார் என்று விசாரித்து என்னிடம் வந்தார்கள். முன்னால் நின்றவர் ராக்கம்மாள். ஐம்பது வயது இருக்கும். அவர் பூ விலை சொன்னால் பேரம் பேசுகிறவன் தொண்டை வறண்டுபோகும். அப்பேர்ப்பட்டவர் என் முன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வக்கீலய்யா, நாங்க என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கடைகள் சட்டத்தைப் பிரித்து வைத்து விளக்கினேன். வாரத்தில் ஒரு நாள் கடை அடைக்க வேண்டும். எந்த நாள் என்று போர்டு எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் மூன்று மாதத்துக்கு மாற்ற முடியாது.

எந்த நாள் அடைப்பது என்பதில்தான் என் மேதைமை வெளிப்பட்டது. திங்கள் சிவன் கோயில் வியாபாரம். செவ்வாயும் வெள்ளியும் அம்மன். வியாழன் சாயங்காலம் தர்காவுக்குப் பூ போகும். சனி பெருமாள். ஞாயிறு சர்ச். ஒவ்வொரு சாமியாக விரலை மடக்கிக்கொண்டே வந்து, “புதன்கிழமைக்குச் சாமி இல்லை. புதனே விடுமுறை!” என்று தீர்ப்புச் சொன்னேன்.

ராக்கம்மாள் தயங்கினார். “பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாக. புதன்ல முகூர்த்தம் வந்தா என்ன செய்யிறது?”

“சட்டம் பஞ்சாங்கம் பார்க்காதும்மா” என்றேன். (இந்த வாக்கியத்தைச் சொன்ன வாயில் அன்றைக்கே யாராவது வேப்பெண்ணெய் ஊற்றியிருக்கலாம்.)

அதோடு நிறுத்தினேனா? “கடைகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்டராக வர மாட்டார். கல்யாண வீட்டுக்காரர் போல ஆள் அனுப்புவார். அழுவார்கள், காலில் விழுவார்கள். நம்பாதீர்கள். புதன்கிழமை நானே வந்து கேட்டாலும் ஒரு முழம் கொடுக்கக் கூடாது!” என்று மேஜையைத் தட்டினேன். எல்லாரும் ஆடிப்போனார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பீஸ் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். “சும்மா வாங்குனா வெளங்காது சாமி. உங்க கல்யாணத்துக்கு மாலை எங்க செலவு. அதுதான் பீஸு” என்றார் ராக்கம்மாள்.

அடுத்த மாதமே எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஒட்டன்சத்திரம் பக்கம். மாமனார் காய்கறி வியாபாரி. எங்கள் வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். பத்திரிகை அச்சாகி வந்ததும் நூறு தடவை படித்தேன். என் பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ., பி.எல்.’ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் படித்தேன். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ‘புதன்கிழமை’ என்று இருந்தது என் கண்ணில் படவே இல்லை.

சீனியர், முன்சீப், தாசில்தார் என்று பெரிய மனிதர்களுக்கெல்லாம் பத்திரிகை வைத்தேன். பூக்கடைத் தெருவுக்கு மட்டும் வைக்கவில்லை. பூக்காரர்கள்தானே, மாலை சொல்லும்போது வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மாலை சொல்லும் பொறுப்பைத் தாய்மாமாவிடம் விட்டேன். முந்தின நாள் போய்வந்த மாமா, “நாளைக்குக் கடை அடைப்புங்குது அந்தம்மா. கேலிக்காரப் பொம்பளை!” என்று சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். நானும் சிரித்தேன்.

விடிந்ததும் மாமா மறுபடி போனார். வெறுங்கையோடு திரும்பினார். முகத்தில் ரத்தம் இல்லை.

“ஏலே, பூக்கடைத் தெருவே பூட்டிக் கெடக்குடா. ஈ காக்கா இல்ல. எல்லாக் கடையிலயும் ஒரே போர்டு தொங்குது.”

அந்தப் போர்டுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவனே நான்தான்! பட்டு வேட்டியும் நெற்றிச் சந்தனமும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டுமாக ராக்கம்மாள் வீட்டுக்கு ஓடினேன். வழியில் நின்றவர்கள், மாப்பிள்ளை கல்யாணத்தை வேண்டாம் என்று ஓடுகிறான் போலிருக்கிறது என்று வழி விட்டார்கள்.

ராக்கம்மாள் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து பூ கட்டியவருக்கு வாரா வாரம் விடுமுறை என்பது நான் கொடுத்த வரம்.

“அம்மா, மாலை! எனக்கு இன்னிக்குக் கல்யாணம்!”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். “வேசம் ரொம்பப் பொருத்தமா இருக்கு சாமி. நேத்து ஒரு பெரியவரை அனுப்புனீக, இன்னிக்கு நீங்களே வந்துட்டீக. நாங்க ஏமாற மாட்டோம். நீங்கதான சொன்னீக, நானே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு!”

“ஐயோ, இது சோதனை இல்லம்மா! நெசமாவே கல்யாணம்! முகூர்த்தத்துக்கு நேரமாச்சு!”

“நெசமாவே கல்யாணம்னா எங்களுக்கு ஒரு பத்திரிகை வச்சிருக்க மாட்டீகளா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வெட்கத்தில் கறுத்த என் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருடைய சிரிப்பு வடிந்தது. “வைக்கலதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார். எண்ணெய்த் தலையை அள்ளி முடிந்தார்.

“பூ எங்க இருக்கு சாமி? புதன்கெழமை கூடை ஏத்தாதீகன்னு நெலக்கோட்டைத் தோட்டக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. பஸ்ஸுல ஒரு மொட்டுகூட வரல. நேத்து மிஞ்சுனதை மாட்டுக்குப் போட்டாச்சு.” ஒரு கட்டு வாழைநாரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். “நடங்க, அங்க என்ன கெடக்குன்னு பாப்போம்.”

கல்யாண வீட்டில் பெண்கள் எல்லாரும் வெறுங்கொண்டையோடு நின்றார்கள். கொண்டையில் பூ இல்லாத அத்தனை பெண்களும் ஒருவனைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மாமனார் மணமேடைக்குக் குறுக்கே நின்றார். “மாலை மாத்தாமப் பொண்ணு கழுத்துல தாலி ஏறாதுங்க மாப்பிள்ளை. நேரம் தப்புச்சுன்னா நாங்க வண்டியக் கட்டிட்டுப் போயிருவோமுங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

ராக்கம்மாள் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போனார். தாம்பூலத்துக்கு வாங்கி நனைத்து வைத்திருந்த வெற்றிலைக் கவுளிகளை எல்லாம் எடுத்து வரச் சொன்னார். காம்பு கிள்ளி, மடித்து, நாரில் கோத்து, மேளக்காரர் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் இரண்டு மாலை கட்டிவிட்டார். பச்சைப் பசேல் என்று, ஆளுயரத்துக்கு.

மாமனார் அதைப் பார்த்ததும் அரண்டுபோனார். “ஏனுங்க, இது அனுமாருக்குப் போடற மாலையல்லங்களா? அவரு பிரம்மச்சாரி சாமியாச்சுங்களே!”

“அவருக்குத்தான் நடக்கல. இவருக்காவது நடக்கட்டும், போடுங்க!” என்று ராக்கம்மாள் ஒரு அதட்டல் போட்டார். நாதஸ்வரக்காரர் பயந்துபோய்க் கெட்டிமேளத்துக்குத் தலையசைத்தார். மாலை மாற்றினோம். தாலி கட்டினேன். பக்கத்தில் குனிந்திருந்த பெண்ணின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

அதிர்ச்சி அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். பந்தி முடிந்தது. பெரியவர்கள் வெற்றிலைத் தட்டைத் தேடினார்கள். தட்டில் பாக்கும் சுண்ணாம்பும் மட்டும் இருந்தன. வெற்றிலை அத்தனையும் எங்கள் கழுத்தில் அல்லவா தொங்கியது! முதலில் மாமாதான் வந்தார். ஆசீர்வாதம் செய்வதுபோலக் கையை நீட்டி, என் நெஞ்சிலிருந்து இரண்டு இலையைக் கிள்ளிக்கொண்டு போனார். அதைப் பார்த்த சம்பந்தி வீட்டார் வரிசையில் வந்தார்கள். வாழ்த்தினார்கள், கிள்ளினார்கள். முன்சீப்கூட, “ஒரே ஒண்ணு” என்றார். கோர்ட்டில் என்னை ஏறிட்டும் பார்க்காதவர்!

போட்டோக்காரர் வந்து சேர்ந்தபோது என் கழுத்தில் வெறும் வாழைநாரும், யாரும் சீந்தாத ஒரு அழுகல் இலையும் மிஞ்சியிருந்தன. அந்தப் படம்தான் இன்றைக்கும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. என் மனைவி அதைக் கழற்ற விடமாட்டாள். அது என் நாற்காலிக்கு நேர் மேலே தொங்குவதால், யோசனை கேட்க வருகிறவர்கள் கண் முதலில் அதில்தான் விழும்.

“மாப்பிள்ளைக் கோலத்துல கழுத்துல என்னங்கய்யா கயிறு?” என்று கேட்பார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் பதில் வந்துவிடும்.

“அதுங்களா? அவங்க வாங்குன மொதப் பீஸுங்க.”