படத்தில் விழுந்த மாலை

சிங்கப்பூரின் தேக்காவில் பூக்கடை வைத்திருக்கும் தனசேகரன் காலையில் கடையைத் திறந்தபோது, எதிர்க்கடைச் சிதம்பரம் ரோஜா மாலையும் தொங்கிய முகமுமாக வந்து நின்றார். தனசேகரனைக் கண்டதும் மாலை கைநழுவிக் கீழே விழுந்தது.

"எப்போ எடுக்கறாங்கன்னு கேக்கத்தான் வந்தேன்..."

"எதை?"

"உங்களைத்தான்."

சிதம்பரம் தன் போனை நீட்டினார். தனசேகரன் புதிதாகப் போட்ட வலைப்பக்கம். உச்சியில் தோரணமாகத் தொங்கவேண்டிய மாலை நழுவி, நடுவிலிருந்த அவர் படத்தின் மேல் கச்சிதமாக விழுந்திருந்தது. படத்துக்கு மாலை விழுந்தால் என்ன அர்த்தம் என்று எந்தத் தமிழனுக்குச் சொல்லித் தரவேண்டும்?

கல்யாண சீசன் நெருங்குகிறது. பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டதால்தான் இந்தப் பக்கமே. இதிலும் தேறாவிட்டால் கடையை மூடவேண்டியதுதான். தனசேகரன் தன் நிழலையும் நம்பாத மனிதர். ஒரு முழம் பூ வாங்குபவரின் பையையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். இப்போது சந்தேகம் முழுவதும் சிதம்பரத்தின் மேல் பாய்ந்தது.

பக்கத்தை வடிவமைத்த ஹனீனை உட்லண்ட்ஸிலிருந்து வரவழைத்தார்.

"உண்மையைச் சொல்லும்மா. எதிர்க்கடைக்காரன் உனக்கு என்ன குடுத்தான்?"

"ஐயோ அங்கிள், என் லேப்டாப்ல மாலை மேலதான் இருக்கு, பாருங்க. ஒவ்வொரு பிரௌசரும் ஒவ்வொரு இடத்துல வைக்குது லா. படத்துக்குப் பின்னால தள்ளிடறேன்."

தள்ளினாள். மாலை மறைந்தது. அடியிலிருந்த குத்துவிளக்கு மேலேறி, படத்தின் முன்னால் வந்து எரிந்தது.

விளக்கை நகர்த்தினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கடை தொடங்கிய 1989-உம், பக்கத்தின் அடியிலிருந்த 2025-உம் ஒட்டிக்கொண்டு படத்துக்குக் கீழே வந்து நின்றன.

"பாவம், முப்பத்தாறு வயசுதானாம்," என்று வாசலில் யாரோ போனைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். "பார்த்தா அறுபது மாதிரியில்ல இருந்தாரு!"

இதற்கிடையில் கடைப் போன் ஓயாமல் அடித்தது. மாலை கட்டும் சரஸ்வதிதான் எடுத்துப் பேசினாள். பொங்கோலில் கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று ஆர்டர் குவிந்தது.

"எல்லாம் பொய் ஆர்டர்! என் பூவை வாட வைக்கப் பாக்கறான் சிதம்பரம்."

ஆனால் ஆட்கள் நிஜமாகவே வந்து வாங்கிப் போனார்கள். தனசேகரனைக் கண்டதும் ஓரடி பின்வாங்கியவர்களை எல்லாம் ஒற்றர்கள் என்று அவர் முடிவு கட்டினார்.

ஒரு வாரத்தில் ஹனீன் அக்கம்பக்கத்துப் போன்களை எல்லாம் கடன் வாங்கிச் சோதித்து, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் நிறுத்தினாள். தனசேகரனுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி போடச் சொன்னார்: ‘உரிமையாளர் தனசேகரன் நலமாக இருக்கிறார். தினமும் கடையில் இருப்பார்.’

மறுநாளிலிருந்து போன் அடிக்கவில்லை. சொல்லிவைத்த இரண்டு கல்யாணங்களும் கைவிட்டுப் போயின. தனசேகரன் எதிர்க்கடையை முறைத்தார்.

"பாத்தியா சரசு, அந்தச் சிதம்பரம் வேலையைக் காட்டிட்டான்!"

சரஸ்வதி நாரைக் கீழே வைத்தாள்.

"அவரு ஒண்ணும் பண்ணல அண்ணே. போன வாரம் கூப்பிட்டவங்க எல்லாரும் ஆர்டர் சொல்றதுக்கு முன்னால ஒரே கேள்விதான் கேட்டாங்க: ‘அந்தப் பெரியவர் நிஜமாவே இல்லையில்ல?’"