குண்டூர் போகாத ஊறுகாய்

இனிமேல் எவனும் என்னை வெறும் பஞ்சநதம் என்று கூப்பிடக்கூடாது, ‘ஊறுகாய் அதிபர் பஞ்சநதம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று போன சித்திரையில் சபதம் எடுத்தேன்.

ஊறுகாய் போடுவது என் மனைவி மங்களாம்பிகைதான். அது அற்ப விஷயம். மாங்காய் வெட்டுகிறாள், மிளகாய்ப்பொடி போடுகிறாள், எண்ணெய் ஊற்றுகிறாள், பாட்டில்களைக் கும்பகோணம் வரை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய்க் கடைகளுக்குக் கொடுக்கிறாள். எல்லாம் கைவேலை. மூளை வேண்டாமா? என்னிடம் இருக்கிறது. வயலைக் குத்தகைக்கு விட்ட நாளிலிருந்து அதைத் தொடவேயில்லை. புத்தம் புதுசு.

அவளுக்குத் தெரியாமல், என் பெயரில், டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்தேன். ‘அசல் குண்டூர் ஆவக்காய்.’

மூன்று மாதத்தில் டிரேட்மார்க் ஆபீஸிலிருந்து ஆட்சேபக் கடிதம் வந்தது. குண்டூர் என்று போட்டால், வாங்குகிறவர்கள் சரக்கு ஆந்திராவிலிருந்து வருவதாக நம்பிவிடுவார்களாம். அட மேதைகளா! நம்பட்டும் என்றுதானே அந்தப் பெயரே வைத்தேன்!

கடிதத்தை மங்களம் பிரித்துவிட்டாள்.

“என் ஊறுகாய்க்கு நீங்க பேர் வச்சீங்களா?”

“இது பிசினஸ். உனக்குப் புரியாது.”

“குண்டூருக்குப் போயிருக்கீங்களா?”

“ரயில்ல அந்தப் பக்கம் போயிருக்கேன். தூங்கிட்டேன்.”

என் வயிற்றை ஏற இறங்கப் பார்த்தாள். “குண்டு இருக்கிற ஊர் குண்டூர்னா, நம்ம திருப்பனந்தாளும் குண்டூர்தான். அப்படியே பதில் எழுதிப் போடுங்க.”

விசாரணை வீடியோவில் நடந்தது. மகள் வானதியின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். மேலே வெள்ளைச் சட்டை, கீழே கைலி.

“ஊறுகாய் எங்க தயாராகுது?” என்றார் அதிகாரி.

“பக்குவம் குண்டூர் சார்.”

“எங்கன்னு கேட்டேன்.”

“திருப்பனந்தாள்ல சார், எங்க வீட்டுக் கொல்லையில” என்றது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். “மாங்காய் பக்கத்து வீட்டு மரத்துது.”

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். “சரி சார், குண்டூர் வேணாம். என் பேரையே வச்சுக்கறேன். பஞ்சநதம் ஊறுகாய்!”

“பஞ்சநதம்னா திருவையாறோட பழைய பேருங்க” என்றாள் மங்களம். “அதுவும் வேற ஊரு.”

அதிகாரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். எனக்கா தெரியாது? சிரிப்பு! பிறகு என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

“மங்களாம்பிகை, திருப்பனந்தாள்.”

“எழுந்திரிங்க, நாற்காலி வேணும்” என்றாள் என்னிடம்.

அவளும் விண்ணப்பித்திருக்கிறாள்! எனக்குத் தெரியாமல்! என்ன துரோகம் பாருங்கள்!

“‘ஒத்தக்கை ஊறுகாய்’னு கேட்டிருக்கீங்க” என்றார் அதிகாரி. “ஒரே கையாலயா போடுறீங்க? இதுவும் ஏமாத்துற பேர் மாதிரி இருக்கேம்மா?”

“ஒத்தையா நின்னு போடுறேன் சார், அதான் அந்தப் பேரு. வீட்டுல இன்னும் ஒரு ஜோடிக் கை இருக்கு. இருபத்தாறு வருஷமா ஒரு மாங்காயத் தொட்டதில்ல.”

“அதுக்கு ஆதாரம்?”

மங்களம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

“சொல்லுங்க சார். இந்தம்மா சொல்றது உண்மையா?” என்றார் அதிகாரி.

உள்ளே வானதி சிரிக்கிற சத்தம் கேட்டது. மங்களம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உண்மைதான் சார்.”

“நல்லது. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க.”

எழுதினேன். பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் கையில் கொடுத்ததும் அவள்தான்.