மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டவன்

ஒரு சேவலைக் காப்பாற்றத்தான் சுகெர்தா பக்திமான் ஆனான்.

கலுங்கான் பண்டிகை நெருங்கிவிட்டது. வாசல்தோறும் மூங்கில் வளைவு நட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வருஷம் பிறந்த வீட்டார் சாப்பிட வருகிறார்கள், கறிக்குச் செவலைச் சேவல்தான் என்று மனைவி லூ ராஸ்மினி அறிவித்துவிட்டாள். பாலித் தீவில் பண்டிகைக் கறிக்கு மசாலா அரைப்பது ஆண்கள் வேலை. தன் சேவலுக்குத் தானே மசாலா அரைக்கச் சுகெர்தாவுக்கு மனசு வரவில்லை. தினமும் காலையில் அதற்குக் கால் பிடித்துவிடுகிறவன் அவன். மனைவியின் காலைப் பிடிப்பதும் உண்டு. அது சேவல் சண்டைக்குப் போய் மாட்டிக்கொண்ட நாட்களில்.

ராஸ்மினியை எதிர்த்துப் பேச ஊரில் ஆளில்லை. சாமி ஒன்றுதான் பாக்கி. எனவே இந்தச் சேவலை அகுங் மலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டதாகவும், உச்சிக்கே கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும் என்றும் சுகெர்தா ஒரு போடு போட்டான்.

ராஸ்மினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"எப்ப வேண்டிக்கிட்டீங்க, பிளி?" பிளி என்றால் அண்ணன்; அங்கே புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"போன மழைக்காலத்துல. காய்ச்சல்ல கெடந்தேன்ல, அப்ப."

"அப்ப என் பேரைத்தானே மொனகிட்டுக் கெடந்தீங்க?"

"அது வெளியில, லூ. உள்ளுக்குள்ள சாமி பேரு."

சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்க முடியாது. ஓலைத்தட்டு முடைந்து, பூவும் ஊதுபத்தியும் வைத்து அவளே வழியனுப்பினாள். சுகெர்தா மலை இருக்கும் திசையில் நாலு வீடு நடந்தான். பிறகு சந்துக்குள் திரும்பி, பக்கத்து ஊர் நண்பன் லானுஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அந்த மலையடியிலேயே பிறந்து வளர்ந்தும் சுகெர்தா பாதி வழியில் இருக்கும் கோயிலுக்கு மேல் ஒருநாளும் ஏறியதில்லை. இந்த வயதில் அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளும் எண்ணமும் அவனுக்கு இல்லை. சேவலை லானுஸின் கொல்லையில் கூடையால் மூடி வைத்தான். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினான். உச்சிக்குப் போய்வந்த ஒருவரிடம் குளிர், மேகம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டான். மறுநாள், எரிமலை ஏறி வந்தவன் மாதிரி காலில் சாம்பலைப் பூசிக்கொண்டு வீடு திரும்பினான்.

சோறு சாப்பிட்டபடியே கதை சொன்னான். பல் கிடுகிடுத்ததாம். மேகம் காலுக்குக் கீழே கிடந்ததாம். சாமி சேவலை வாங்கிக்கொண்டபோது காற்று அப்படியே நின்றதாம். ராஸ்மினி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

அந்த ஊரில் வலது, இடது என்ற பேச்சே கிடையாது. எல்லாம் மலைப்பக்கம், கடல்பக்கம். தலை வைத்துப் படுப்பது மலைப்பக்கம். கும்பிடுவதும் மலைப்பக்கம்.

"கடல்பக்க மீசையில சோறு," என்றாள். துடைத்துக்கொண்டான்.

"மேல போயி எந்தப் பக்கம் பாத்துக் கும்பிட்டீங்க?"

"இதென்ன கேள்வி? மலைப்பக்கந்தான். கடல்பக்கமா கும்பிடுவாங்க?"

"அதானே," என்று இன்னொரு கரண்டி சோறு போட்டாள். கேட்காமல் விழுந்த அந்தக் கரண்டியிலேயே சுகெர்தா சுதாரித்திருக்க வேண்டும். பசி, சாப்பிட்டுவிட்டான்.

பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால், தனக்கும் உச்சியில் ஒரு வேண்டுதல் இருக்கிறது என்றாள் ராஸ்மினி. அவன் முழங்கால் வலி என்றான். தைலம் தடவினாள். மழை வரும் என்றான். குடையை எடுத்தாள். வழி தெரிந்த புருஷன் வீட்டில் இருக்கும்போது வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும் என்று கேட்டாள். அவன் செருப்பைத் தேடி எடுத்தான்.

பாதி வழிக் கோயிலில் தங்கி, விடிந்ததும் ஏறினார்கள். மூடி போட்ட மூங்கில் கூடை அவள் தலையில். அதில் படையல் சாமான் என்றாள். காட்டுக்குள் வழி இரண்டாகப் பிரிந்தது. வழிகாட்டியான சுகெர்தா நின்றுவிட்டான்.

"அன்னைக்கு எந்த வழியா போனீங்க?"

"அன்னைக்கு ஒரே பனிமூட்டம், லூ. வழி தெரியல."

"தெரியாமலே உச்சிக்குப் போயிட்டீங்க. சாமி வரம்தான்," என்று அவள் சரியான வழியில் நடந்தாள்.

காடு முடிந்து கருங்கல் சரிவு வந்தது. ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கியது. சுகெர்தா கையையும் கால் ஆக்கிக்கொண்டு ஏறினான். இடையில் எங்கோ 'கொக்' என்று கேட்டது. உயரத்தில் காது அடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள், அதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

உச்சியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ராஸ்மினி கூடையை இறக்கி, ஊதுபத்தி கொளுத்தினாள்.

"கும்பிடலாம். மலைப்பக்கம் எதுன்னு காட்டுங்க."

சுகெர்தா கையைத் தூக்கினான். எதிரே சரிவு, அதற்குக் கீழே கடல். திரும்பினான். அங்கேயும் சரிவு, கடல். இன்னொரு பக்கம் எரிமலைப் பள்ளம். ஒரு சுற்று முழுக்கச் சுற்றிவிட்டு, தூரத்தில் கடலுக்கு அப்பால் ஒரு முக்கோணத்தைக் கண்டுபிடித்தான்.

"அதோ, மலை தெரியுதே."

"அது பக்கத்துத் தீவு, லோம்போக் மலை. அதை அந்த ஊர்க்காரங்க பாத்துக்குவாங்க."

அவன் கை மெதுவாகக் கீழே வந்தது.

"உச்சியில நின்னா எல்லாமே கடல்பக்கந்தான், பிளி. ஏறினவங்களுக்குத் தெரியும்," என்று கூடையைத் திறந்தாள். செவலை கழுத்தை நீட்டி, பழகிய முகத்தைப் பார்த்துக் கொக்கரித்தது. லானுஸின் மனைவி ராஸ்மினிக்குச் சித்தி மகள் என்பது சுகெர்தாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, சேவலைப் பார்த்ததில் சந்தோஷமாக இருந்தது. சட்டென்று குனிந்து மனைவியின் காலைப் பிடித்தான். இனி சண்டைக்கு விடமாட்டேன், கறி மட்டும் வேண்டாம் என்றான்.

"மொதல்ல வேண்டுதலை முடிங்க."

சேவலை இரண்டு கையாலும் தூக்கிச் சாமிக்குக் காட்டினான். இந்தத் தடவை நிஜமாகவே வேண்டிக்கொண்டான். மலையிலேயே விட்டுவிடலாம், எங்கேயாவது பிழைத்துக் கிடக்கட்டும் என்று நினைக்கையில் கண் கலங்கியது. விடப்போன சேவலை ராஸ்மினி பதமாக வாங்கிக் கூடைக்குள் வைத்து மூடினாள்.

"சாமிக்குப் படைச்சதுக்கு என்ன பேரு, பிளி?"

"பிரசாதம்," என்று வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அதை மலையில விட்டுட்டுப் போனா பாவம்," என்று கூடையை அவன் தலையில் ஏற்றினாள். "பாத்து எறங்குங்க. கையில அடிபட்டா மசாலா அரைக்க முடியாது."