வில்லுக்கு எண்ணெய்க் குளியல்

நேத்து ஞாயித்துக்கிழமை. வேலை ரொம்ப சிம்பிள். சேலையூர்ல நம்ம மாடி கிளாஸுக்கு வர்ற வாண்டுங்க பத்து பேரும் வயலின்ல சரளி வரிசை வாசிக்கணும். காலேஜ் மேடம் வந்து பார்ப்பாங்க. அவ்ளோதான்.

மியூசிக் டீச்சருக்குப் படிக்கிற பொண்ணுங்க ரெண்டு பேரை மேடம் எங்கிட்ட பயிற்சிக்கு அனுப்பியிருக்காங்க. கிளாஸ் சரியில்லேன்னா அவங்களை வேற எடத்துக்கு மாத்திடுவாங்களாம். அப்புறம் இந்தப் பத்து பேரையும் நான் ஒத்த ஆளா மேய்க்கணும்.

மேடம் வந்து ஒக்காந்தாங்க. நான் கெத்தா, "ம், ஆரம்பிங்க!"ன்னேன்.

பத்து வில்லும் மேலயும் கீழயும் போகுது. சத்தம் மட்டும் வரலை.

"நல்லா அழுத்தி வாசிங்க!"

அழுத்துச்சுங்க. ஒருத்தனோட வில்லு வழுக்கிப் போய்ப் பக்கத்துப் பையன் காதுல குத்துச்சு. அவன் "மிஸ்ஸ்ஸ்"னு ஆரம்பிச்சான். நல்லெண்ணெய் வாசனை வேற. கீழ் வீட்டுல இட்லிப் பொடி குழைக்கிறாங்க போலன்னு நெனச்சேன்.

பயிற்சிக்கு வந்த திவ்யா ஒரு வில்லை வாங்கித் தடவிப் பார்த்தா. "அக்கா... எண்ணெய்!"

போச்சு! வில்லு முடியில ரோசின் கட்டியைத் தேச்சாத்தான் அது கம்பியைப் பிடிக்கும், சத்தம் வரும். எண்ணெய் பட்டா முடியையே மாத்தணும்.

"யாரு பார்த்த வேலை இது?"

முன் வரிசை நிலா எழுந்தா. ஏழு வயசு. "நீங்கதான மிஸ் சொன்னீங்க?"

"நானா?!"

"இது குதிரை முடி, உங்க முடி மாதிரி பத்திரமா பாத்துக்கணும்னீங்க. நேத்து எனக்கு எண்ணெய்க் குளியல். இதுக்கும் தேச்சோம்."

"சீயக்காயும் போட்டியாடி?"

"இல்ல மிஸ், ஷாம்பூ. காஞ்சதும் மறுபடி எண்ணெய்."

அவங்க அம்மா அதை ஃபோட்டோ எடுத்து, "மிஸ் சொன்னபடி"ன்னு கிளாஸ் குரூப்ல போட்டிருக்காங்க. மத்த அம்மாக்களும் பாட்டிலோட எறங்கிட்டாங்க. அந்த ஃபோட்டோவை நான் சரியா பார்க்காமலே ஹார்ட் வேற போட்டிருக்கேன்!

போன வாரம்தான் திவ்யாகிட்ட பெரிய மேதாவி மாதிரி, "வீட்டு உதாரணம் சொல்லு, குழந்தைங்க மறக்கவே மாட்டாங்க"ன்னு கிளாஸ் எடுத்தேன். மறக்கலையே, பாவிங்க!

வேற வழியில்லாம, "விரலால மீட்டுங்க"ன்னேன். ஒழுகுற வீட்டுல பக்கெட் வெச்ச மாதிரி டொய்ங் டொய்ங்னு ஒரு சரளி வரிசை. மேடம் முகத்துல ஈ ஆடலை.

முடிஞ்சதும் எழுந்தாங்க. "திவ்யா, நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க."

எனக்கு உசுரு வந்துச்சு. "ரொம்ப தேங்க்ஸ் மேடம்!"

"குழந்தைங்ககிட்ட என்னெல்லாம் சொல்லக்கூடாதுன்னு கத்துக்க, தாம்பரம் பக்கம் இதை விட நல்ல எடம் கிடைக்காது."

மானம் கப்பலேறிடுச்சு. ஆனா மேய்க்க ஆள் இருக்கு!