மூன்றாம் தொட்டியின் ஆண் சிங்கி

இந்த முறை மச்சானை வாசற்படி மிதிக்க விடுவதில்லை என்று சிங்கிக்காரர் சபதம் எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டி நன்னீர்ச் சிங்கி இறால் வளர்ப்பதால் வந்த பெயர் அது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஒரு வாரம் என்று வந்து ஒரு மாதம் தங்குவார், அதுவும் சிங்கிக்காரரின் கட்டிலில். அவர் விடும் குறட்டையில் தொட்டித் தண்ணீர் அலையடிக்கும்.

மச்சான் வரவேண்டிய அன்று, சிங்கிக்காரர் வாளியும் கையுமாகச் சமையலறைக்குள் பாய்ந்தார்.

“போச்சு! எல்லாம் போச்சு! நோய் வந்துருச்சு!”

வாளியில் ஒரு சிங்கி. ஓடு முழுக்க வெள்ளைப் புழு நெளிந்தது.

“அய்யய்யோ! எந்தத் தொட்டியில?”

“மூணாவது. வெளியாள் செருப்புல ஒட்டிக்கிட்டு வந்திருக்கணும். இனிமே ஒரு ஈ காக்கா உள்ள வரக்கூடாது. உங்க அண்ணனுக்குப் போன் போட்டு வரவேணாம்னு சொல்லிடு. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.”

அந்தக் கஷ்டத்தில் அவர் முகம் பளபளத்தது.

மனைவி சிங்கியை முதுகோடு பிடித்துத் தூக்கினாள். கொடுக்கின் ஓரத்தில் ஆணுக்கு மட்டுமே வரும் சிவப்புத் திட்டு.

“இது ஆணாச்சே?”

“பின்ன? சிங்கம் மாதிரி ஆண்!”

“மூணாவதுல பொட்டைய மட்டும்தானே பிரிச்சு விட்டிருக்கேன்?”

சிங்கிக்காரர் காலி வாளியைக் கீழே வைத்தார்.

“தொட்டி மாறி ஏறி வந்திருக்கும்...”

“புழுவையும் கூட்டிக்கிட்டா? காலையிலதான் எல்லாத் தொட்டியும் பார்த்தேன். எங்க புடிச்சீங்க இத?”

“பக்கத்துப் பண்ணையில... சும்மா, இரவலா...”

“நோய் இருக்கிற பண்ணைக்குப் போயிட்டு, காலக்கூடக் கழுவாம அடுப்படிக்கே வந்துட்டீங்களா! வேற பண்ணைக்குப் போனவன் உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?”

“நான்தான். ஆனா அது வெளியாளுக்கு...”

“இப்ப நீங்கதான் வெளியாள். நடங்க கொட்டகைக்கு!”

தீவனக் கொட்டகையில் இரண்டு உப்புத் தண்ணீர்ச் சட்டிகள் வைத்தாள். சிறியதில் சிங்கி, பெரியதில் அவர் கால். சற்று நேரத்தில் சிங்கியின் மேலிருந்து புழுக்கள் உதிரத் தொடங்கின. சிங்கிக்காரர் துள்ளினார்.

“உதிருது! உதிருது! நான் வரலாமா?”

“புழு உதிரும். ஓட்டுல ஒட்டின முட்டை உதிருமா? பொரிஞ்சு ஓயட்டும். அண்ணன் ஊருக்குப் போனதும் ரெண்டு பேரையும் உள்ள விடறேன். அதுவரைக்கும் தொட்டிய அண்ணன் பார்த்துக்கும்.”

சாயங்காலம் மச்சான் வந்தார். சிங்கிக்காரரின் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கொட்டகைக்கு எட்டவே நின்று குரல் தழுதழுக்கச் சொன்னார்:

“கவலையே படாதீங்க மாப்ளே. நீங்க வெளிய வர்ற வரைக்கும் நான் ஊருக்கே போகமாட்டேன்.”