கூரை என்ற சொல் இல்லாத கடிதம்

என் அப்பாவை, அவர் உண்மையில் இறப்பதற்குப் பதினொரு வருடங்களுக்கு முன்பே நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். பயன்படுத்திய பொருட்கள்: நீலப் பேனா ஒன்று, கோடு போட்ட தாள் இரண்டு. இரண்டாவது தாளின் பின்பக்கம் காலி. (அந்தக் காலி இடத்திலாவது விஷயத்தை எழுதியிருக்கலாம்.)

இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. கீழே வரும் கிழமைகளும் நேரங்களும் அதிலிருந்து எடுத்தவை. மற்றவர்கள் பேசியது மட்டும் நினைவிலிருந்து. அதை மறக்க எங்கள் வீட்டில் யாரும் என்னை விடவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணிநேரம். இறங்கி நாற்பது நிமிடம் மேலே நடக்க வேண்டும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஐந்தாம் நம்பர் லயத்தில் நான்காவது காம்பரா எங்களுடையது. அந்த வருடம் ஐப்பசியில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு திரும்பினால் அவளைப் படுக்க வைக்க உள் காம்பராவில் ஒரு மூலைதான் உண்டு. அந்த மூலைக்கு நேர் மேலே இரண்டு தகரங்கள் இத்துப்போய், பகலில் வெளிச்சமும் மழையில் தண்ணீரும் தாராளமாக வந்தன. எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவன் அதே மூலையில், ஒரு மார்கழி மழையில், நெஞ்சுச்சளி கட்டி நாற்பது நாளில் போய்விட்டான். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஆனால் மழை இருட்டினால் அம்மா முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

அப்பா மூன்று தடவை ஆபீஸுக்குப் போய்க் கேட்டுவிட்டார். மூன்று தடவையும் "பாப்பம்" என்றார்கள். அப்போதுதான் தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்திருந்தார். இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால் உடனே படிக்கிறார் என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் பேச்சு. லயத்தில் உயர்தரம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். திங்கட்கிழமை காலை, இரண்டு நாள் காய்ச்சலோடு போர்வைக்குள் கிடந்த அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, துரைக்கு ஒரு கடுதாசி எழுது. கூரை ஒழுகுது. மகளுக்குப் பிள்ளை பொறக்கப் போகுது. ரெண்டு தகரம் வேணும். அவ்வளவுதான்."

மூன்று வாக்கியம். மொழிபெயர்க்க மூன்று நிமிடம் போதும். நான் ஆறு மணிநேரம் எடுத்துக்கொண்டேன்.

காரணம், பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் வாங்கிய ஒரு போட்டோகொப்பிப் புத்தகம். இங்கிலீஷ் உயர்சொற்கள், மூன்று பகுதிகள். சம்பவங்களைச் சொல்லும் சொற்கள், நிலைமைகளைச் சொல்லும் சொற்கள், மனநிலைகளைச் சொல்லும் சொற்கள். "சின்னச் சொற்களைச் சின்னப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்" என்று முதல் பக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எல்லாச் சொற்களையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் அகரவரிசைப்படி எழுதி, சந்தோஷத்துக்குப் பச்சைக் கோடும் துக்கத்துக்குச் சிவப்புக் கோடும் போட்டேன். பச்சை இருபத்தாறு, சிவப்பு நூற்று நாற்பத்தொன்று. (மனிதருக்கு எது அதிகம் தேவைப்படும் என்று புத்தகம் போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது.)

கூரை, ஒழுகல், தகரம் என்பவற்றுக்கான இங்கிலீஷ் சொற்கள் எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். அதனால்தான் அவற்றை எழுத வெட்கமாக இருந்தது. கலாமிட்டி, மெலன்கொலி, டெஸொலேஷன், தேற்ற முடியாதவருக்கு இன்கன்ஸோலபிள் எல்லாம் கைவசம் இருக்கும்போது, துரையின் மேசைக்குப் போகும் கடிதத்தில் எவனாவது தகரத்தைப் பற்றி எழுதுவானா?

கடிதத்தின் நகல் என் நாட்குறிப்பில் இருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஐந்தாம் நம்பர் லயம் நான்காம் காம்பராவில் வசிக்கும் தொழிலாளி சுப்பையாவின் குடும்பத்தின்மீது சொல்லில் அடங்காத பேரிடர் ஒன்று இறங்கியுள்ளது. மேலிருந்து விழுந்த இந்த அடியைத் தடுக்க எங்களுக்குச் சக்தி இருக்கவில்லை. என் தாயார் யாராலும் தேற்ற முடியாத நிலையில் இருக்கிறார். நிறைமாதமாக இருக்கும் என் சகோதரி ஆழ்ந்த துயரில் மூழ்கியுள்ளார். எங்கள் இல்லத்தை இருளும் குளிரும் சூழ்ந்துள்ளன. நிலைமை இனித் திருத்த முடியாத கட்டத்தை அடைந்துவிட்டது. ஆகவே ஐயா அவர்கள் காலம் தாழ்த்தாது, தோட்ட வழக்கப்படி செய்ய வேண்டியதைச் செய்து உதவுமாறு கண்ணீருடன் வேண்டுகிறேன்."

சிவப்புக் கோட்டுச் சொற்கள் மொத்தம் இருபத்து மூன்று. கூரை இல்லை. தகரம் இல்லை. பிள்ளை வரப்போகிற மூலை இல்லை. எழுதி முடித்துச் சத்தமாக வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. அம்மா அடுப்படியிலிருந்து, "என்னாடா அழுவுற? தகரம்னு எழுதுனியா?" என்று கேட்டாள்.

"எல்லாம் இருக்கும்மா" என்றேன்.

மாலை ஐந்து மணிக்குக் கடிதத்தை ஆபீஸில் கொடுத்தேன். செவ்வாய் காலை பத்து நாற்பதுக்கு லொறிச் சத்தம் கேட்டது. லயத்துக்கு லொறி வருவது அபூர்வம். அப்பா போர்வையோடு வெளியே வந்து, வளைவில் ஏறிவரும் லொறியைப் பார்த்து, என்னைப் பார்த்தார். அவர் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பாத்தியா புள்ள," என்று அம்மாவிடம் சொன்னார், "நான் மூணு தரம் நடந்தேன். அவன் ஒரு கடுதாசிதான் போட்டான்."

லொறியின் பின்பக்கத்தில் தப்படிக்கும் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். தகரம் கொண்டுவர எதற்குத் தப்பு என்று எனக்குக் கொஞ்சம் குழப்பம். லொறி நின்றது. அவர்கள் ஒதுங்கினார்கள். நடுவில் இருந்தது புதுப் பலகையில் அடித்த சவப்பெட்டி.

எங்கள் தோட்டத்தில் அப்போது இருந்த வழக்கம் இது: தொழிலாளி இறந்தால் பெட்டி தோட்டத்திலிருந்து வரும், எல்லா லயத்துக்கும் அரைநாள் லீவு கிடைக்கும். தோட்ட வழக்கப்படி செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று நான்தானே கேட்டிருந்தேன். சுப்பையா இரண்டு நாளாகப் பெரட்டுக்கு வரவில்லை என்பதும் அங்கே பொருந்திப் போயிருக்கிறது. துரை கடிதத்தைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாராம்.

லொறி டிரைவர் பெருமாள் அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடியே கேட்டார். "நாலாவது காம்பரா இதுதானுங்களே? எங்க வச்சிருக்கீங்க?"

"யாரை?" என்றார் அப்பா.

"சுப்பையா அண்ணன."

"நாந்தானே சுப்பையா."

பெருமாள் அண்ணன் நிமிர்ந்தார். அதற்குப் பிறகு லொறியில் போய்ச் சாய்ந்துகொண்டார். தப்படிக்க வந்த இருவரில் இளையவர், "அப்ப அடிக்கவா, வேணாமா?" என்று கேட்டார். அம்மா பெட்டியைப் பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் எழுதிய "தேற்ற முடியாத நிலை", "ஆழ்ந்த துயர்" இரண்டும் பதினேழு மணிநேரம் நாற்பது நிமிடம் தாமதமாக நிஜமாயின.

அப்பா என்னிடம் திரும்பினார். "தம்பி, என்னா எழுதுன?"

நான் நகலை எடுத்து வந்து தமிழில் வாசித்தேன். மேலிருந்து விழுந்த அடி என்ற இடத்தில் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "அது என்னாது?"

"மழைப்பா."

பக்கத்துக் காம்பரா காளிமுத்து மாமாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "மச்சான், மகன் நல்லாத்தான் எழுதியிருக்கான். நீதான் ஒத்துழைக்கல" என்றார். அதற்குள் மலையிலிருந்து கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அரைநாள் லீவு அறிவித்தாகிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களை அப்பாவே வரவேற்க வேண்டியிருந்தது. "வாங்க, வாங்க, ஒண்ணும் இல்ல, இருக்கேன்." ஒரு அக்கா பாதி ஒப்பாரியை அப்படியே நிறுத்திவிட்டு, "சரி, அப்ப நான் துணி தொவைக்கப் போறேன்" என்று போனார்.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னோம். பெருமாள் அண்ணன் மறுத்துவிட்டார். "லயத்துக்கு ஏறுன பெட்டி வெறுமையா எறங்கக் கூடாதுங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. யாராச்சும் இந்த ரசீதுல கையெழுத்துப் போடுங்க, நான் போறேன்." அதற்கு வேறு யாரும் முன்வராததால், தன் பெட்டியைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கினார் என் அப்பா. காய்ச்சல் கூட விட்டுவிட்டது என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

அன்று மாலை மூன்றரைக்கு நான் ஆபீஸுக்குப் போனேன். தகரம் என்ற சொல்லை இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் போனேன். துரை நிமிர்ந்து பார்த்தார். ஒரு மலை முழுவதும் கொழுந்து பறிபடாமல் நின்றதற்கு நான் காரணம் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. "வாட் டு யூ வான்ட்?" என்றார். அவ்வளவு சின்னக் கேள்வி. என் வாயில் வந்தது, "சேர், ஐ ஆம் இன்கன்ஸோலபிள்."

ஆபீஸில் கணக்கெழுதும் கிளாக்கர் ஐயா என்னைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். "தம்பி, இனி இந்த வருஷம் தகரப் பேச்சே எடுக்காத. நாலாம் காம்பராவுக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்தாச்சுன்னு தொரை சொல்லிட்டாரு."

தகரம் கிடைக்காமல் போனது என்னால்தான். ஐப்பசி முடிய ஆறு நாள் இருந்தது, அக்காவுக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குப் போக மனமில்லாமல் பஸ் ரோட்டில் இருட்டும்வரை நின்றேன். அன்றைய நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: "மழை தொடங்கிவிட்டது."

மறுநாள் காலை அப்பா சுத்தியலும் கொறடும் எடுத்தார். பெட்டியின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டார். அம்மா தடுத்தாள். "பச்சப் புள்ள வர்ற எடத்துல சவப்பெட்டிப் பலகையா? ஒங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"பலகைக்கு என்னா தெரியும்," என்றார் அப்பா. "தண்ணி வராம இருந்தாச் சரி."

தகரத்துக்கு அடியில், மூலைக்கு நேர் மேலே, பலகைகளைச் சரிவாக அடுக்கிக் கட்டினார். நீளம் கூடுதலாக இருந்ததால் நான் பலகை அறுக்கும் வாளை எடுத்து வந்தேன். அவர் வாங்கி ஓரமாக வைத்தார். "அறுக்க வேணாம். நம்ம பேருக்கு வந்தது. அளவு கெடாம இருக்கட்டும்." (காளிமுத்து மாமா இதற்குச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.)

அதிலிருந்து பதினோராம் நாள் அக்காவுக்கு மாலினி பிறந்தாள். அந்த மூலைக்கு வந்தாள். வெளியே மூன்று வாரம் விடாத மழை. அவள்மேல் ஒரு சொட்டும் விழவில்லை. நாற்பதாம் நாள் அம்மா யாருக்கும் சொல்லாமல் ஒரு சூடம் கொளுத்தினாள். பலகைகளையும் சேர்த்துத்தான் காட்டினாள் என்று நினைக்கிறேன்.

பதினொரு வருடம் அந்தப் பலகைகள் அடுப்புப் புகையில் கறுத்தன. நான் பதுளையில் ஒரு அலுவலகத்தில் கடிதம் எழுதும் வேலைக்குப் போயிருந்தேன். (ஆமாம், கடிதம் எழுதும் வேலைக்குத்தான்.) ஒரு வியாழக்கிழமை விடியற்காலை அப்பா இறந்தார். இரண்டு நாள் காய்ச்சல். நான் வந்து சேர்ந்ததும் ஆபீஸுக்குப் போய், அப்பா இறந்துவிட்டார் என்று தமிழில், இரண்டே சொல்லில் சொன்னேன்.

அதே கிளாக்கர் ஐயா. முடி மட்டும் நரைத்திருந்தது. "இந்த முறை நெசந்தானே தம்பி?" என்றார். கிண்டல் இல்லை. அவர் கடமை அது. கூடவே நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, அப்பாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெட்டி அப்பவே குடுத்தாச்சே. அண்ணனே கையெழுத்துப் போட்டிருக்காரு."

சண்டை போட யாருக்கும் மனமில்லை. காளிமுத்து மாமா மேலே ஏறிக் கட்டுகளை அவிழ்த்தார். பலகைகளை ஒவ்வொன்றாக நான் கீழே வாங்கினேன். அளவு கெடவில்லை. பழைய ஆணிகள் சிரட்டையில் அப்படியே இருந்தன. பதினொரு வயது மாலினி தன் தலைக்கு மேலே இருந்த பலகைகள் பெட்டியாவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. மூலை நனைந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். எழுத மூன்று நிமிடம் ஆனது. "என் அப்பா நேற்று இறந்தார். அவர் பெட்டிதான் எங்கள் கூரையாக இருந்தது. இப்போது கூரை ஒழுகுகிறது. இரண்டு தகரம் வேண்டும்." எல்லாம் ஐந்தாம் வகுப்புச் சொற்கள். அன்று மதியமே தகரம் வந்தது. பெருமாள் அண்ணன்தான் லொறி ஓட்டி வந்தார். இரண்டு கேட்டதற்கு நான்கு இருந்தது. அப்பா பதினொரு வருடத்துக்கு முன்னால் எழுதச் சொன்னதை நான் அன்றைக்குத்தான் எழுதி முடித்தேன்.

இப்போது அம்மா என்னோடு பதுளையில் இருக்கிறாள். நான் எதை எழுத உட்கார்ந்தாலும், அது மின்சாரசபைக்கு ஒரு முறைப்பாடாக இருந்தாலும், கல்யாண வாழ்த்தாக இருந்தாலும், கட்டிலில் இருந்தபடியே ஒரு கேள்வி கேட்பாள். மாலினியும் அதையே கேட்பாள். ஆசிரியையாகிவிட்டவள், போனில்கூட விடுவதில்லை. இந்தக் கட்டுரையை எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோதும், கடைசிவரை அமைதியாகக் கேட்டுவிட்டு, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"சரிடா, இதுக்கு என்னா வரும்? பெட்டியா, தகரமா?"